கேமரா உள்ளே போவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

எங்கள் பக்கத்தில் 'ஆபரேஷன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று எல்லா ஊருக்கும் பொதுவானது. இன்னொன்று குடும்பக்கட்டுப்பாடு. "ரெண்டாவது பையன் பிறந்ததும் ஆபரேஷன் ஆயிடுச்சு" என்று நகரியில் ஒரு பெண் சொன்னால், என்ன ஆபரேஷன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தெலுங்கில் சொன்னாலும் அப்படித்தான். அதனால் "இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?" என்று நான் கேட்கும்போது, கேள்வி எந்த அர்த்தத்தில் போய் விழுந்தது என்பது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். சிலர் குடும்பக்கட்டுப்பாட்டை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடுவார்கள். சிலர் "அது எப்பவோ ஆனது, அதெல்லாம் கணக்கா?" என்று அதையே விட்டுவிடுவார்கள். சிசேரியனைப் பலர் ஆபரேஷன் வகையிலேயே சேர்ப்பதில்லை. அது பிரசவம், அவ்வளவுதான்.

நான் மயக்க டாக்டர். திருத்தணிக்கும் புத்தூருக்கும் நடுவில், மாநில எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்குக் கூப்பிட்டால் போய் மயக்க மருந்து கொடுத்து வருவது என் வேலை. 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நகரி இந்தப் பக்கம் நின்றது. நோயாளிகள் மட்டும் எல்லையைப் பார்ப்பதில்லை. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு, வயிறு என்றால் வேலூரோ திருப்பதியோ சென்னையோ என்பது இங்கே பழகிப்போன வழி. இப்போது பித்தப்பைக் கல், குடல்வால், கர்ப்பப்பைக் கட்டி எல்லாம் உள்ளூரிலேயே லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தபடி, நடக்கிறது. "மூணு ஓட்டைதான் மேடம், நாளைக்கே வீட்டுக்கு" என்று நோயாளிகளே எனக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

அந்த மூன்று ஓட்டையில் முதல் ஓட்டையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். மற்ற இரண்டையும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கப் போடுகிறார்கள். முதல் ஓட்டைக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே பார்க்க வேண்டும் என்றால் கேமரா போக வேண்டும், கேமரா போக வேண்டும் என்றால் யாராவது ஒருவர் பார்க்காமல் வயிற்றைத் துளைத்தாக வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் நேரும் பெரிய காயங்களில் ஏறக்குறைய பாதி, பித்தப்பையைத் தொடும்போதோ கட்டியை அறுக்கும்போதோ நேர்வதில்லை. ஆபரேஷன் என்று நாம் நினைக்கிற வேலை தொடங்குவதற்கு முன்பே, உள்ளே நுழையும் அந்தச் சில நிமிடத்தில் நேர்ந்துவிடுகிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எண்ணிக்கையாகப் பார்த்தால் மிகவும் குறைவு. ஆயிரம் பேருக்கு லேப்ராஸ்கோப்பி செய்தால் குடலில் காயம் படுவது 0.4 பேருக்கு, பெரிய ரத்தக்குழாயில் படுவது 0.2 பேருக்கு என்பது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டுதலில் தரும் கணக்கு. அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவர், ஐயாயிரம் பேரில் ஒருவர். ஆனால் அந்த ஒருவருக்கு நேரும்போது நிமிடக் கணக்கில் உயிர் போகலாம், அல்லது யாருக்கும் தெரியாமல் மூன்று நாள் கழித்து வயிறு வீங்கி வரலாம். அரிது என்பதாலேயே கை அசட்டையாகிவிடுவதுதான் இதில் உள்ள சிக்கல்.

முதல் ஓட்டை போடுவது பெரும்பாலும் தொப்புளில். ஏன் தொப்புள்? தழும்பு தெரியாது என்பது நோயாளிக்குப் பிடித்த காரணம். உண்மையான காரணம் வேறு. வயிற்றுச் சுவரில் மற்ற இடங்களில் தோல், கொழுப்பு, தசை, தசையுறை, உள்சவ்வு என்று அடுக்கடுக்காக இருக்கும். தொப்புளில் தசையும் கொழுப்பும் விலகி, தோலும் தசையுறையும் உள்சவ்வும் ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எவ்வளவு பருமனானவர் என்றாலும் தொப்புளின் அடிக்குழியில் சுவர் மெல்லிசுதான். நுழைய லேசான இடம்.

சிக்கல் அதற்கு நேர் பின்னால் இருக்கிறது. இதயத்திலிருந்து இறங்கி வரும் பெருந்தமனி, தொப்புள் மட்டத்தை ஒட்டித்தான் இரண்டு காலுக்கும் இரண்டாகப் பிரிகிறது. பிரிவுக்குக் கொஞ்சம் கீழே இடது காலிலிருந்து வரும் பெரிய சிரை குறுக்கே கடக்கிறது. மெலிந்த பெண் ஒருவர் மல்லாந்து படுத்தால் தொப்புளுக்கும் முதுகெலும்பு மேல் கிடக்கும் அந்தத் தமனிக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. வெளிநாட்டுப் புத்தகங்கள் பருமனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எங்கள் ஊர் விசைத்தறிக் கொட்டகையில் நாள் முழுக்க நின்று நாற்பது கிலோவில் வந்து படுக்கிற பெண்களைப் பார்க்கும்போது எனக்குப் பயம் மெலிவைப் பற்றித்தான். அந்த பிரிட்டன் வழிகாட்டுதலும், மிக மெலிந்தவர்களுக்குத் தொப்புளில் கண்மூடித்தனமாக ஊசி போடாதே, வேறு வழியைப் பார் என்றே சொல்கிறது.

சரி, எப்படி நுழைகிறார்கள் என்று பார்ப்போம். அதிகம் புழங்குவது வெரெஸ் ஊசி. இதன் வழியாக முதலில் வாயுவை ஏற்றி வயிற்றை உப்பவைத்தால்தான் உள்ளே கேமராவுக்கு இடம் கிடைக்கும். பன்னிரண்டு பதினைந்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் கனம். வெளிக்குழாயின் முனை கூர். அதற்குள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு மழுங்கிய குச்சி. கடினமான அடுக்கில் அழுத்தும்போது குச்சி பின்னால் போய்விடும், கூர்முனை துளைக்கும். எதிர்ப்பு விலகி வெற்றிடம் வந்ததும் ஸ்பிரிங் குச்சியைத் 'டக்' என்று முன்னே தள்ளிக் கூர்முனையை மறைத்துவிடும். தசையுறையில் ஒரு டக், உள்சவ்வில் ஒரு டக். தலைமாட்டில் நிற்கிற எனக்கே சில நாள் அந்தச் சத்தம் கேட்கும். தியேட்டரில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவதும் அப்போதுதான்.

இந்த ஊசியின் கதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இது வயிற்றுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஹங்கேரி நாட்டு மருத்துவர் யானோஷ் வெரெஸ் 1930களில் இதை உருவாக்கியது காசநோய்க்காக. அப்போது மருந்து கிடையாது. நோய் பிடித்த நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி, அதைச் சுருக்கி ஓய்வு கொடுப்பதுதான் சானடோரியங்களில் வழக்கமான சிகிச்சை. எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் சானடோரியம் இருக்கிறதே, அந்தக் காலத்து வைத்தியம் இது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசி போகும்போது நுரையீரலைக் குத்திவிடக் கூடாது என்பதற்கே அந்த ஸ்பிரிங். பிறகு ஸ்டிரெப்டோமைசின் வந்தது, காற்றேற்றும் சிகிச்சை போனது, ஊசி மட்டும் வயிற்றுக்குக் குடிபெயர்ந்து இன்றுவரை இருக்கிறது.

ஸ்பிரிங் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கழுவிக் கிருமிநீக்கி மறுபடி பயன்படுத்தும் உலோக ஊசி. அதில் தப்பில்லை, ஆனால் ரத்தமோ உப்புநீரோ காய்ந்து குச்சி இறுகிவிட்டால் அது வெறும் கூர் ஊசிதான். நான் மதிக்கிற ஒரு சர்ஜன் எப்போதும் ஊசியை வாங்கியதும் முனையைக் கத்திப் பிடியில் இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பார், சிரிஞ்சில் உப்புநீர் விட்டு ஓடுகிறதா என்று பார்ப்பார். பத்து விநாடி வேலை. ஊசிக்குப் பிறகு கேமராவுக்கு வழி போடத் துளைக்கிற கூர்முனைக் குழாய்க்கு டிரோக்கார் என்று பெயர், அது மழுங்கியிருப்பதும் அதே வகை ஆபத்து. கூர் போன கத்தியால் மாங்காய் நறுக்கும்போது எப்படிக் கை திடீரென்று வழுக்கிப் போகுமோ, அப்படி. தேவைக்கு மேல் பலம் போட்டுத் தள்ளும் கைக்கு, சுவர் விட்டுக்கொடுத்ததும் நிறுத்தத் தெரியாது.

ஊசி உள்ளே போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிரிஞ்சு வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள், ரத்தமோ மலமோ வருகிறதா என்று. ஊசித் தலையில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, வயிற்றுத் தோலைத் தூக்கினால் அது உள்ளே இழுபடுகிறதா என்று பார்ப்பார்கள். படிக்கிற காலத்தில் இவற்றையெல்லாம் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தோம். உண்மையில் இவற்றில் எதுவும் நம்பகமான சாட்சி இல்லை. ஊசியை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். குடலில் குத்திய ஒன்றரை மில்லிமீட்டர் துளையை ஆட்டிய ஆட்டில் ஒரு சென்டிமீட்டர் கிழிசலாக்கிவிடலாம். ஓரளவு நம்பத் தகுந்தது ஒரே ஒரு எண்தான்: வாயுவைத் திறந்ததும் மெஷினில் தெரிகிற முதல் அழுத்தம். அது பத்து மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்து, வாயு தடையில்லாமல் ஓடினால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே பதினைந்து, பதினெட்டு என்று ஏறினால் முனை எதிலோ முட்டிக்கொண்டிருக்கிறது. உள்சவ்வுக்கு வெளியேயா, கொழுப்புத் திரையிலா, குடலிலா என்பது தெரியாது. எடுத்துவிட வேண்டும்.

எடுத்துவிட்டு? அங்கேதான் மனுஷ சுபாவம் வருகிறது. பல வருஷம் முன்பு, ஊர் வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜனோடு நின்றேன். முதல் தடவை அழுத்தம் பதினாறு. இரண்டாவது தடவை பதினெட்டு. "கொஞ்சம் கோணத்தை மாத்திப் பார்க்கிறேன்" என்றார். மூன்றாவது. என் திரையில் இதயத்துடிப்பு எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. வயிற்றுச் சவ்வு இழுபட்டால் துடிப்பு திடீரென்று குறைவது வழக்கம்தான், அட்ரோபின் ரெடியாகத்தான் வைத்திருந்தேன். வாயுவை மூடச் சொன்னேன், மருந்து போட்டேன், துடிப்பு ஏறியது. அவர் நான்காவது தடவைக்கு ஊசியை எடுத்தார். "சார், திறந்து போயிடலாமா?" என்று கேட்டேன். நான் அப்போது வேலைக்குப் புதிது, அவர் என்னைவிட இருபது வருஷம் மூத்தவர். அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு கத்தியைக் கேட்டார். தொப்புளுக்குக் கீழே சின்னதாய்த் திறந்து பார்த்தால் வாயு முழுக்க உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவில் போய், சவ்வு கூடாரம் போல் உள்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. காயம் ஏதும் இல்லை. அன்றைக்கு அதிர்ஷ்டம் நல்லபடியாக இருந்தது. முயற்சி கூடக் கூடச் சிக்கலும் படுவேகமாகக் கூடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம். இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் இடத்தையோ முறையையோ மாற்ற வேண்டும்.

மாற்று இடம் என்றால் முதலில் வருவது பால்மர் புள்ளி. இடது விலா எலும்பு வரிசைக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, காறை எலும்பின் நடுவிலிருந்து நேராக இறங்கும் கோட்டில். பாரிஸில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டிருந்த ராவூல் பால்மர் சொன்ன இடம். அந்தப் பகுதியில் பழைய ஆபரேஷன் ஒட்டுகள் அரிது, விலா எலும்பு மேலே தாங்கிப் பிடித்திருப்பதால் சுவரும் அமுங்காது. ஆனால் இரைப்பை காற்றில் புடைத்திருந்தால் ஊசி நேராக அதற்குள்தான் போகும். அதனால் அங்கே நுழைவதற்கு முன் வாய் வழியாக ஒரு குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்ய வேண்டும். அது என் வேலை. மாஸ்க் வைத்துக் காற்றை அழுத்தும்போது இரைப்பையில் காற்றை நிரப்பியதும் பெரும்பாலும் நானாகவே இருப்பேன், ஆகவே புகார் சொல்ல முடியாது. மண்ணீரல் வீங்கியவர்களுக்கும், இரைப்பையில் முன்பே கத்தி பட்டவர்களுக்கும் இந்த இடம் ஆகாது.

மாற்று முறை என்றால் ஹேசன் முறை. சிகாகோ மருத்துவர் ஹாரித் ஹேசன் 1971இல் எழுதியது. ஊசியே வேண்டாம், தொப்புளருகே ஒரு சின்ன வெட்டு, அடுக்கு அடுக்காகக் கண்ணால் பார்த்தே உள்சவ்வைத் திறந்து, மழுங்கிய முனையுள்ள குழாயை நுழைத்துத் தையலால் இறுக்கிக் கட்டிவிடுவது. கொஞ்சம் நேரம் பிடிக்கும், வாயு கசியும். ஆனால் பெரிய ரத்தக்குழாய்க் காயம் இதில் மிக அரிது. குடல் காயம் மட்டும் முற்றிலும் ஒழியவில்லை, ஏனென்றால் குடல் சுவரோடு ஒட்டியிருந்தால் பார்த்துக்கொண்டே வெட்டினாலும் வெட்டத்தான் படும். நேரடியாக டிரோக்காரையே போடுபவர்கள் உண்டு, முனை கண்ணாடி மாதிரியான டிரோக்காருக்குள் கேமராவை வைத்து அடுக்குகளைப் பார்த்தபடி நுழைபவர்களும் உண்டு. பொதுவாக மகப்பேறு மருத்துவர்கள் ஊசிக் கட்சி, பொது சர்ஜன்கள் திறக்கிற கட்சி. டீ குடிக்கிற அறையில் இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. 2019இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு 57 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தும், பெரிய காயங்களைத் தடுப்பதில் இந்த முறைதான் உசத்தி என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. காரணம் எளிது. ஐயாயிரத்தில் ஒன்று நடக்கிற விபத்தை ஒப்பிட வேண்டுமென்றால் லட்சக்கணக்கான நோயாளிகள் வேண்டும்.

என் கட்சி என்ன என்று கேட்டால், சர்ஜன் தினமும் எதைச் செய்கிறாரோ அதைச் செய்யட்டும், இரண்டாவதாக ஒன்றையும் கையில் வைத்திருக்கட்டும். ஒரே ஒரு வழி மட்டும் தெரிந்தவர்தான் நான்காவது தடவைக்கு ஊசியை எடுப்பார்.

ஊசி சரியாகப் போய், வாயு ஏறிய பிறகு பெரிய டிரோக்கார் போட வேண்டும். அதுவும் பார்க்காமல்தான். இங்கே எனக்கும் சர்ஜனுக்கும் ஒரு சின்ன இழுபறி. ஆபரேஷன் நடக்கும்போது வயிற்று அழுத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை போதும். டிரோக்கார் போடும் நேரத்துக்கு மட்டும் இருபது, இருபத்தைந்து வரை ஏற்றச் சொல்கிறது அந்த பிரிட்டன் வழிகாட்டுதல். ஏன் என்பதற்கு ஓர் அழகான அளவீடு உண்டு. வயிற்றுச் சுவரை மூன்று கிலோ பலத்தில் அமுக்கினால், அழுத்தம் பத்தாக இருக்கும்போது சுவருக்கும் குடலுக்கும் இடையே மிஞ்சுவது 0.6 சென்டிமீட்டர். இருபத்தைந்தாக இருந்தால் 5.6 சென்டிமீட்டர். காற்று இறங்கிய சைக்கிள் டயரை விரலால் அமுக்கிப் பாருங்கள், பிறகு முறுக்காகக் காற்றடித்த டயரை. அதே கதை. எனக்கு அந்த ஒரு நிமிடம் பிடிக்காது. நுரையீரலுக்குக் காற்றுத் தள்ளுவது கடினமாகும், காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையும். ஆனாலும் ஆரோக்கியமானவருக்கு ஒரு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. டிரோக்கார் போனதும் "சார், இறக்குங்க" என்பேன், இறக்குவார்.

மேஜையைச் சாய்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கர்ப்பப்பை ஆபரேஷன்களில் குடல் மேல்பக்கம் நழுவட்டும் என்று தலையைத் தாழ்த்திச் சாய்ப்பார்கள். அவசரத்தில் அதை முன்கூட்டியே செய்துவிட்டால், இடுப்பெலும்பின் முகட்டையும் தமனிப் பிரிவையும் ஊசியின் பாதைக்கு நேராகத் தூக்கிக் கொடுத்த மாதிரி. முதல் டிரோக்கார் போய்க் கேமரா சுற்றிலும் ஒரு முழு வட்டம் பார்த்து முடிக்கும்வரை மேஜை தட்டையாகவே இருக்க வேண்டும். மேஜை ரிமோட் பெரும்பாலும் என் பக்கம்தான் தொங்கும். யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

ஏற்றுவது கரியமில வாயு. ஏன் வெறும் காற்று இல்லை? ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும் டயதெர்மி கருவியின் நெருப்புக்கு அது எரியாது என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், அது ரத்தத்தில் சட்டென்று கரையும். ஊசி தப்பித்தவறி ஒரு சிரைக்குள் போய்க் கொஞ்சம் வாயு ஏறினாலும் கரைந்து நுரையீரல் வழியாக வெளியே போய்விட வாய்ப்பு உண்டு. காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன், அது கரையாது. குமிழாகவே இதயத்துக்குப் போய் அடைத்துக்கொள்ளும். 2014 நவம்பரில் ஒடிசாவின் அங்குல் மாவட்டத்தில் நடந்த ஒரு குடும்பக்கட்டுப்பாட்டு முகாமில், ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் வயிற்றில் சைக்கிள் பம்ப்பால் காற்று அடித்தார்கள் என்ற செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. பம்ப் அசிங்கமாக இருந்தது என்பது பாதிதான். அதில் அழுத்தம் காட்டும் மீட்டர் இல்லை, உள்ளே போனது கரையாத காற்று, கிருமி நீக்கம் என்ற பேச்சே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 2016இல், இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

குடும்பக்கட்டுப்பாடு என்றதும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேன். ஆந்திரத்தில் திருமணமான பெண்களில் பத்தில் ஏழு பேர் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாட்டிலேயே அதிகம். பிரசவமான ஓரிரு நாளில் செய்யும் வகையில், கர்ப்பப்பை அப்போது மேலே ஏறியிருப்பதால், வெட்டுப் போடுவது தொப்புளுக்குச் சற்றுக் கீழே. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. இருபது வருஷத்தில் அது தொப்புளின் கீழ் மடிப்புக்குள் போய் மறைந்துவிடும். லேப்ராஸ்கோப்பி ஊசி போவதும் பெரும்பாலும் அதே மடிப்பில்தான். வயிற்றில் முன்பு கத்தி படாதவருக்குத் தொப்புளுக்கு அடியில் எதுவும் ஒட்டியிருப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சிசேரியன் மாதிரி அடிவயிற்றில் குறுக்கு வெட்டு ஆனவர்களில் நூற்றுக்கு இருபத்துமூன்று பேர் வரை. நடுவயிற்றில் நெடுக்கு வெட்டு ஆனவர்களில் ஐம்பது பேர் வரை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் நான் கேள்வியை நாலு விதமாகக் கேட்பது.

போன வருஷம் பித்தப்பைக் கல்லுக்கு வந்த ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், ஒல்லி. "ஒண்ணும் ஆகல மேடம், ஒரு ஊசிகூடப் போட்டதில்ல" என்றார். சிசேரியன்? "மூணும் வீட்லயே பிறந்துச்சு." குடும்பக்கட்டுப்பாடு? "அது வீட்டுக்காரருக்குப் பண்ணினாங்க." நம்பிவிட்டேன். மயக்கம் கொடுத்து, வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மூத்த சிஸ்டர் தொப்புளுக்குள் பஞ்சு விட்டுத் துடைக்கும்போது கையை நிறுத்தினார். "மேடம், இங்க ஒரு தையல் தெரியுது பாருங்க." மஞ்சள் மருந்து பட்டதும் வெள்ளைக் கோடு ஒன்று மடிப்பிலிருந்து கீழ்நோக்கி நாலு விரல்கடை இறங்கியது. சர்ஜன் கையில் எடுத்திருந்த ஊசியைக் கீழே வைத்தார். நான் இரைப்பைக் குழாய் விட்டேன், பால்மர் புள்ளியில் நுழைந்தார்கள். கேமரா தொப்புளின் அடிப்பக்கம் திரும்பியபோது கொழுப்புத் திரை வாசலில் தொங்கும் துணி மாதிரி சுவரோடு ஒட்டி, அதன் பின்னால் சிறுகுடலின் ஒரு வளைவு. ஊசி போயிருந்தால் அதில்தான். மறுநாள் அந்த அம்மாவிடம் கேட்டேன். சின்ன வயதில் குடல் முறுக்கிக்கொண்டு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். "அது எங்க அம்மா சொல்லித்தான் தெரியும், எனக்கு நினைவே இல்ல மேடம்."

அதனால் நான் இப்போது கேட்பதோடு நிறுத்துவதில்லை. முந்தின நாள் மாலை வார்டில், சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளக்கடியில் தொப்புளை விரித்துப் பார்க்கிறேன். பெண்கள் கூச்சப்படுவார்கள், ஆண்கள் அதைவிடக் கூச்சப்படுவார்கள். தொப்புளில் வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்கும் அப்போதே வெளியே வரும், அது தனிக் கதை.

இன்னொரு கட்டம் மிச்சம் இருக்கிறது, அது நாங்கள் யாரும் பார்க்காமல் வீட்டில் நடக்கிறது. நுழையும்போது குடலில் பட்ட காயம் எல்லாம் உடனே தெரிவதில்லை. சில மணி நேரம், சில நாள் கழித்துத்தான் கசிவு தெரியும். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போயிருப்பார். இங்கே எங்களுக்கு எதிரி 'காஸ்' என்ற சொல். காஸ் ஏற்றி ஆபரேஷன் செய்கிறோம் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம். தோள்பட்டை வலிக்கும் என்கிறோம், அது உண்மையும்கூட. மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்தினால் அந்த வலி நரம்பு வழியாகத் தோளில் தெரியும், இரண்டு மூன்று நாளில் தானாகவே குறையும். ஆனால் மூன்றாம் நாள் வயிறு வலித்து உப்பினாலும் வீட்டில் "காஸ்தான், டாக்டரே சொன்னாரே" என்று இஞ்சிச்சாறு கொடுக்கிறார்கள். பக்கத்துத் தெரு டாக்டரும் காஸ் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுக்கிறார். லேப்ராஸ்கோப்பி முடிந்தவர் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடத் தேற வேண்டும். வலி கூடினாலோ, காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பல், நாடித் துடிப்பு வேகம் என்று எது வந்தாலோ, வேறு காரணம் நிரூபணமாகும்வரை குடலில் காயம் என்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் போகும் ஒரு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு உள்ளங்கை அளவுச் சீட்டு ஒன்றைப் பின் குத்திக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. தோள் வலி குறைந்துகொண்டே போகும், பயப்பட வேண்டாம். வயிற்று வலி கூடினால் அது காஸ் இல்லை, ராத்திரி ரெண்டு மணியானாலும் இந்த நம்பருக்குப் பேசுங்கள். எழுதிக் கொடுத்த முதல் வாரமே ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவர் பேசினார். வலி இல்லையாம். இட்லி சாப்பிடலாமா என்று கேட்டார்.